பூட்டி நிறுத்திய காரில் கரண்ட் எங்கே போகிறது?

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மறுபடியும் அதே 'டக் டக்'. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் நேராகப் பேட்டரி கடைக்குப் போய்விடுகிறார்கள். புதுப் பேட்டரி கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும், உடனே கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்த கம்பெனிக்கு மாறுவார்கள். பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்னால், வண்டி அணைந்து கிடக்கும்போது அதிலிருந்து எவ்வளவு கரண்ட் வெளியே போகிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம். அதற்கு வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், கூடவே கொஞ்சம் பொறுமை வேண்டும். சொல்லப்போனால் மீட்டரைவிடப் பொறுமைதான் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சாவியை எடுத்துவிட்டால் கார் முழுசாக அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அப்படி இல்லை. கடிகாரம் ஓட வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும் என்றால் அந்த சிக்னலை வாங்குகிற ரிசீவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அலாரம் காவல் இருக்க வேண்டும், ஸ்டீரியோ நாம் வைத்த ஸ்டேஷன்களை மறக்கக் கூடாது. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் ஈ.பி. மீட்டரில் அந்தச் சிவப்புப் பொட்டு எப்போதாவது மினுக்குமே, அது மாதிரிதான் இதுவும். இப்போதைய கார்களில் இந்தச் சில்லறைச் செலவெல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இருந்தால் அது நியாயமான செலவு. அதைத் தாண்டி 200, 400, 800 என்று காட்டினால், எதுவோ ஒன்று நமக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்குகள் 'லீக்கேஜ்' என்பது இதைத்தான்.

இந்த எண்களைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும். சின்ன பெட்ரோல் கார் ஒன்றில் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும் பேட்டரி, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி இறங்கினாலே செல்ஃப் திணற ஆரம்பித்துவிடும், ஆக நம் கையிருப்பு சுமார் 17 ஆம்பியர் ஹவர்தான். நியாயமான செலவு 30 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 24 மணி நேரத்துக்கு 0.72 ஆம்பியர் ஹவர். மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். இப்போது டிக்கியில் இருக்கும் 5 வாட் பல்ப் ஒன்று மூடிய பிறகும் அணையாமல் எரிகிறது என்று வையுங்கள். 5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.4 ஆம்பியர் சொச்சம், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் ஹவர். இரண்டாவது நாள் முடிவதற்குள் ஆள் காலி. வெறும் 5 வாட், விரலளவு பல்ப்! தினமும் ஆபீஸ் போய்வருகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ராத்திரி இறங்குவதைப் பகலில் வண்டி ஓடும்போது ஏற்றிக்கொள்ளும். சனி, ஞாயிறு வீட்டிலேயே நின்றால் திங்கள் காலை மாட்டிக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. காரில் இருக்கும் ஈய அமிலப் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கவிட்டால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். அதனால்தான் லீக்கேஜை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது இரட்டை நஷ்டம்.

சரி, தேடலைத் தொடங்குவதற்கு முன் பேட்டரியும் சார்ஜிங்கும் நன்றாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி, வண்டி ஓடி நின்று சில மணி நேரம் ஆன பிறகு, 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கமே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வேறு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் பரவாயில்லை. அப்படியே பேட்டரியின் மேல்மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். தூசியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து படிந்திருந்தால் இரண்டு டெர்மினல்களுக்கும் நடுவில் அந்த அழுக்கு வழியாகவே கரண்ட் கசியும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் அங்கங்கே இழுத்துப் பாருங்கள், வோல்ட் ஏதாவது காட்டினால் அழுக்குதான் கம்பி வேலை பார்க்கிறது. சோடா உப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். மூடித் துளைகள் வழியே அந்தத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டர். வோல்ட் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும், இரண்டு முனையையும் இரண்டு டெர்மினலில் வைத்தால் தீர்ந்தது. கரண்ட் பார்ப்பது வேறு. கரண்ட் மீட்டருக்கு உள்ளே புகுந்து வெளியே வரவேண்டும், அதாவது கம்பியை ஓரிடத்தில் பிரித்து அந்த இடைவெளியில் மீட்டரை நிறுத்த வேண்டும். சிவப்பு ஒயரைக் கழற்றி 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளையில் செருகுங்கள், குமிழையும் டி.சி. ஆம்பியருக்குத் திருப்புங்கள். மில்லிஆம்பியர் துளை வேண்டாம், கார் விழித்திருக்கும் நேரத்தில் சில ஆம்பியர் பாய்ந்தால் அதற்குள் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்த 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, அதனால் மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த நாள் 'வோல்ட் எவ்வளவு' என்று பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட், ஒயர் உருகிக் கையைச் சுடும்.

கழற்ற வேண்டியது நெகட்டிவ் பக்கத்தை. காரணம் எளிது: வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பானெட் ஓரத்திலோ ஃபெண்டரிலோ பட்டால் பொறி பறக்கும், நெகட்டிவைக் கழற்றும்போது பட்டால் ஒன்றும் ஆகாது. மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, அது வரைக்கும் சரி, உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள்களின் பக்கம் மட்டும் கை போகவே கூடாது.

பொறுமை என்றேனே, அதற்கு வருவோம். காரைப் பூட்டிய உடனே அதன் கம்ப்யூட்டர்கள் தூங்கிவிடுவதில்லை. ஒவ்வொன்றாகத்தான் அடங்கும், சில வண்டிகளில் பத்து நிமிடம், சிலவற்றில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் திரும்ப விழித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். மீட்டரை மாட்டியதும் இரண்டு, மூன்று ஆம்பியர் காட்டும். அதைப் பார்த்துப் பதறி உடனே ஃபியூஸைப் பிடுங்க ஆரம்பிப்பதால்தான் பாதித் தேடல்கள் தோற்றுப்போகின்றன. அந்த நேரத்தில் எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அதனால் முன்னேற்பாடாக, வேலைக்குத் தேவையான கதவைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளிவிடுங்கள், கதவு மூடிவிட்டது என்று கார் நம்பிக்கொள்ளும். திரும்பத் திறக்கும்போது கைப்பிடியை இழுத்தால் விடுபட்டுவிடும். உள்ளே காலடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள், பிறகு கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துவிடும். அலாரம் உள்ள வண்டியில் பானெட்டுக்குக் கீழேயும் ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அழுத்திக் கட்டிவிட வேண்டும். ரிமோட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் சாவி இருந்தால், கீலெஸ் வண்டிகள் நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

மீட்டரை மாட்டுவதில் ஒரு நுணுக்கம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றும் முன்பே, இரண்டு முனையிலும் முதலை கிளிப் உள்ள ஒரு தடித்த ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறுமுனையைக் கழற்றப்போகும் கேபிளின் வளையத்திலும் கடிக்க விடுங்கள். இப்போது கேபிளைக் கழற்றினாலும் கரண்ட் இந்த ஒயர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதே இரண்டு இடத்தில் மீட்டர் முனைகளையும் கிளிப் போட்டு மாட்டுங்கள். வண்டியைப் பூட்டிவிட்டு, போய் டீ குடித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து அந்தத் தடித்த ஒயரை மட்டும் எடுத்துவிடுங்கள். கார் எழுந்துகொள்ளாமலே கரண்ட் முழுக்க மீட்டர் வழியாக வந்துவிடும்.

மீட்டரில் 0.03, அதாவது 30 மில்லிஆம்பியர், என்று நின்றால் வண்டி சுத்தம். 0.42 என்று அசையாமல் நின்றால் வேட்டை ஆரம்பம்.

பழைய முறை, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பது. எதைப் பிடுங்கியதும் 0.42 படக்கென்று 0.03-க்கு விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். கம்ப்யூட்டர் அதிகம் இல்லாத பழைய வண்டிகளில் இது நன்றாகவே வேலை செய்யும். புது வண்டிகளில் சிக்கல், ஒரு ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினாலே தூங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று விழித்துக்கொண்டு மறுபடி அரை மணி நேரம் காக்க வைக்கும். அதைவிட அழகான வழி ஒன்று உண்டு, எனக்கு இதுதான் பிடித்தமானது, ஃபியூஸைத் தொடவே வேண்டியதில்லை. பிளேடு ஃபியூஸின் தலையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். ஃபியூஸும் ஒரு கம்பிதான், அதற்கும் துளியளவு மின்தடை உண்டு, அதனால் கரண்ட் ஓடினால் துளியளவு வோல்ட் அதன் மேல் விழுந்தே ஆக வேண்டும். 10 ஆம்பியர் மினி ஃபியூஸ் ஒன்றின் தடை சுமார் 7, 8 மில்லிஓம். அதன் மேல் 1 மில்லிவோல்ட் காட்டினால் ஏறக்குறைய 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது. 3 மில்லிவோல்ட் என்றால் 400-ஐ ஒட்டி. 0.0 என்றால் அந்த லைன் தூங்குகிறது, அடுத்ததற்குப் போங்கள். ஃபியூஸின் ஆம்பியர் கூடக்கூடத் தடை குறையும் என்பதால் 30 ஆம்பியர் ஃபியூஸில் வரும் அதே 1 மில்லிவோல்ட்டுக்குக் கரண்ட் இன்னும் அதிகம். துல்லியமான அட்டவணையெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை, ஐம்பது ஃபியூஸில் எது சைபர் காட்டவில்லை என்பதுதான் கேள்வி. இந்த முறையில் இன்னொரு வசதி, பேட்டரியைக் கழற்றாமலேயே செய்யலாம், ஆம்பியர் அளக்கவேண்டிய பயமும் இல்லை.

ஃபியூஸ் கிடைத்துவிட்டது என்றால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரு ஃபியூஸுக்குக் கீழே ரூம் லைட், டிக்கி லைட், ஸ்டீரியோ, கடிகாரம் என்று ஒரு குடும்பமே இருக்கலாம். ஃபியூஸ் பெட்டி மூடியில் அல்லது வண்டியுடன் கொடுத்த புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேராக என்னென்ன என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்ற வேண்டும். டிக்கி, க்ளவ் பாக்ஸ் லைட்டுகளைச் சோதிக்கப் போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், எரிகிறதா என்று போனே சொல்லிவிடும். ரிலேக்கள், அதாவது கரண்ட்டால் இயங்கும் சின்ன சுவிட்சுப் பெட்டிகள், மேல் விரலை வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம், வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஏர்பேக் லைன் என்று தெரிந்தால் மட்டும் நீங்களே நோண்டாதீர்கள், அந்த மஞ்சள் கனெக்டர்களை சர்வீஸில் விட்டுவிடுவது உத்தமம்.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது கம்பெனி போட்டதை அல்ல, வெளியே கடையில் போட்டதைத்தான். அதிலும் ஸ்டீரியோ. வெளியே வாங்கிய ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் ஒயர் ஒன்று, சிவப்பு ஒயர் ஒன்று வரும். மஞ்சள் எந்நேரமும் பேட்டரி கரண்ட் வாங்க வேண்டியது, நினைவாற்றலுக்காக, அதில் ஓடுவது மிகச் சொற்பம். சிவப்பு, சாவி ஆன் ஆனால் மட்டும் கரண்ட் வர வேண்டியது, 'இப்போது எழுந்திரு' என்று ஸ்டீரியோவுக்குச் சொல்வது அதுதான். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார், அல்லது சாவி லைனைத் தேடச் சோம்பலாக இருக்கும், இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். திரை அணைந்திருந்தாலும் உள்ளே ஸ்டீரியோ விழித்தே இருக்கும். அதோடு ஆம்ப்ளிஃபயரும் இருந்தால், ஸ்டீரியோவிலிருந்து போகும் நீலமும் வெள்ளையும் கலந்த ஒயர் அதையும் எழுப்பி வைத்திருக்கும், அப்போது பேட்டரி கதை கந்தல்தான். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, சாவி இல்லாமல் சிவப்பு ஒயரில் வோல்ட் பாருங்கள். 12 காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அதற்கு அடுத்த வரிசையில் டேஷ்கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு படிக்க மெக்கானிக் கருவி மாட்டும் இடம்) செருகி மறந்துபோன கருவி, சாவி எடுத்தாலும் கரண்ட் நிற்காத சாக்கெட்டில் தொங்கும் சார்ஜர். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகைச் சிலர் சந்தேகப்படுவார்கள், அது பாவம், சுங்கச்சாவடி ஆன்டெனா அனுப்பும் அலையிலேயே பிழைத்துக்கொள்ளும் ஸ்டிக்கர், பேட்டரியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

எல்லா ஃபியூஸையும் பார்த்தாயிற்று, எல்லாம் சைபர், ஆனால் மீட்டரில் 0.42 அப்படியே நிற்கிறது என்றால்? ஃபியூஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் சில உண்டு. பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலில் நேராகச் சொருகிய மெல்லிய ஒயர்கள், ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபயர் என்று கடையில் போட்டவை. அப்புறம் வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், நம் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் டயோடுகள் கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விட வேண்டியவை. ஒன்று பழுதானால் வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி ஓடும். ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், வண்டி ஓடும்போது சார்ஜிங் 14 வோல்ட் என்று ஒழுங்காகவே காட்டலாம். நெகட்டிவை முழுசாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் முதுகில் நட்டு போட்டிருக்கும் தடித்த கேபிளைக் கழற்றி, அதன் முனை எங்கும் படாமல் டேப் சுற்றி, மறுபடி மீட்டரை மாட்டிப் பாருங்கள். 0.42 காணாமல் போயிருந்தால் டைனமோ கடைக்குப் போக வேண்டியதுதான், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எரிச்சலூட்டும் வகை ஒன்று இருக்கிறது. மீட்டர் மாட்டினால் 0.03, எல்லாம் சுத்தம், ஆனால் வாரத்தில் ஒரு நாள் பேட்டரி இறங்கியிருக்கும். இது எப்போதாவது நடக்கும் லீக்கேஜ், ஒட்டிக்கொண்டு விடுகிற ரிலே, தேய்ந்துபோய் ராத்திரியில் 'கதவு திறந்திருக்கிறது' என்று காரை எழுப்புகிற கதவு சுவிட்ச் மாதிரி. இதற்கு அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் மீட்டரை ராத்திரி முழுக்க விட்டுவைக்க வேண்டும், அல்லது டி.சி. மில்லிஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டும். வீட்டு ஒயரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டும்தான் அளக்கும், காருக்கு உதவாது.

பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், அளவுதான் வேறு. பைக் பேட்டரி பலவற்றில் 4, 5 ஆம்பியர் ஹவர்தான் இருக்கும். காருக்குச் சும்மா விட்டுவிடக்கூடிய 20 மில்லிஆம்பியர் டிராக்கர் இங்கே ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர் தின்னும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் கிக்கர் உதைக்க வேண்டும், கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ள வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கில் சாவி அணைந்திருக்கும்போது மீட்டர் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். ஹேண்டில்பாரில் நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்த யு.எஸ்.பி. சார்ஜர் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

லீக்கேஜே இல்லாத கார்கூட ஒரு மாதம் நின்றால் இறங்கத்தான் செய்யும், வெயில் காலத்தில் பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடும். வெளிநாடு போகிறவர்கள் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லதுதான். திரும்ப மாட்டியதும் பவர் விண்டோவின் ஆட்டோ வசதி வேலை செய்யவில்லை என்றால் கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்திருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், அந்த எண்ணை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவைக் கழற்றிய பிறகு கதவைச் சாவியால் பூட்ட வேண்டும், ரிமோட் வேலை செய்யாது. சில வண்டிகளில் டிக்கி கரண்ட்டில்தான் திறக்கும், ஆகவே டெர்மினலைக் கழற்றிய பத்தாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் டிக்கிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள்.